ஜரீனாவுக்காக மாற்றிய முடிவு

1. பெட்டிகள் வந்து இறங்கிய நாள்

என் முதல் நாவல் அச்சாகி லாரி பார்சலில் வந்து இறங்கிய அன்று, காரைக்குடியில் நான் வைத்திருந்த டிடிபி கடையில் கால் வைக்க இடமில்லை. என் மனைவி வந்து பெட்டிகளைப் பார்த்தாள்.

"எழுதுறேன் எழுதுறேன்னீக, சரின்னு விட்டேன். இப்ப இத்தனையையும் எங்குட்டு வைக்கிறது?"

வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பதிப்பகம் இல்லாமல் சொந்தமாக நாவல் போடுகிறவனின் பிழைப்பு இதுதான். டைப் அடிப்பது, லே-அவுட், அட்டை, பார்சல் கட்டி கூரியரில் கொடுப்பது எல்லாம் நாமே. புதிதாக எழுத வருகிறவர்கள் யோசனை கேட்டால் சொல்லத்தான் செய்கிறேன். ப்ரூஃபை வேறொருவரிடம் கொடுங்கள், நம் பிழை நம் கண்ணில் படாது. அட்டையில் உங்கள் போட்டோவைப் பெரிதாகப் போடாதீர்கள், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். பிரிண்ட் ஆன் டிமாண்டில் தேவைக்கு மட்டும் அடியுங்கள், வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். இதெல்லாம் எளிய விஷயங்கள். எளிதல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2. வாரம் ஒரு அத்தியாயம்

மூன்றாவது நாவலை அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அத்தியாயமாகப் போட்டு வந்தேன். வாசகர்கள் எங்கே சலிக்கிறார்கள், எங்கே ஒட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

கதையில் முத்துக்குமார் என்று ஒரு பையன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். அவன் தாய் சிவகாமி ஊரில் தனியாக இருக்கிறாள். சாரத்திலிருந்து விழுந்து பையன் இறந்துபோவான். அதற்குப் பிறகு அந்தத் தாய் எப்படி எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள் என்பதைச் சொல்லத்தான் நாவலையே ஆரம்பித்தேன்.

பையன் விழும் கட்டம் நெருங்கியபோது கல்லலிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் ஹனீபா, அங்கே செருப்புக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி ஜரீனா என் குழுவில் இருந்தார். நாற்காலியைக் காட்டியும் ஹனீபா உட்காரவில்லை.

"அண்ணே, உங்க கதைய எங்க வீட்டுல விடாம படிக்கிறா. சோறு தண்ணி எறங்காமக் கெடந்தவ, இப்ப வெள்ளிக்கிழமையானா போன எடுத்துக்கிட்டு உக்காந்துர்றா."

"கேக்கச் சந்தோசமா இருக்கு பாய்."

"எங்க மகனும் வெளிநாட்டுக்குப் போனவந்தாண்ணே. மலேசியாவுக்கு. அங்கேயே மவுத்தாயிட்டான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கதை போற போக்கப் பாத்தா அந்தப் பையனுக்கும் என்னமோ ஆகும்போல தெரியுது. அவன ஒண்ணும் பண்ணிப்புடாதீகண்ணே. அவ தாங்கமாட்டா."

தடுத்துச் சொல்ல எனக்கு மேலே ஒரு எடிட்டர் கிடையாது. அது சொந்தப் பதிப்பின் சௌகரியம் என்று அதுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் எதிரே நின்று அழும்போது, நாவலின் முடிவு முக்கியம் என்று எந்த வாயால் சொல்வது?

"சரி பாய், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

முத்துக்குமார் காலில் கட்டோடு ஊர் திரும்பினான். சிவகாமி வாசலில் நின்று ஆரத்தி எடுத்தாள். குழுவில் பூவும் இதயமுமாகக் கொட்டினார்கள். ஜரீனா மட்டும் எதுவும் போடவில்லை. மனசு நிறைந்து பேச்சு வராமல் இருக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு நாவலை அச்சுக்கு அனுப்பினேன்.

3. டீ ஆறிப்போனது

புத்தகம் வந்ததும் கல்லலுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். சில நாள் கழித்து இருவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் மனைவி டீ கொடுத்தாள். ஜரீனா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"கதை பிடிச்சிருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு." கணவர் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இவுக வந்து சொன்னாகளாண்ணே?"

ஹனீபா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆமாம் என்றேன்.

"அந்தப் பையன் வரமாட்டாண்டு எனக்கு முன்னாடியே தெரியும். அவனுக்கு அப்பறம் சிவகாமி எப்படி எந்திரிக்கிறா, எப்படிச் சோறு திங்கிறா, யாருகிட்டப் பேசுறா, அதப் பாக்கணும்ண்டுதான் வாரா வாரம் உக்காந்திருந்தேன். எனக்குத் தொணைக்கு ஒருத்தி கெடச்சிட்டாண்டு நெனச்சேன். அவ மகன் வந்துட்டான். அவ வீட்டுல சிரிப்பும் சத்தமுமா இருக்கு. அங்குட்டு எனக்கு என்ன வேலை?"

ஹனீபா எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஃபைல் எங்கிட்டத்தாம்மா இருக்கு. அடிச்சதும் கொஞ்சந்தான்" என்றேன். "மொதல்ல நெனச்ச மாதிரியே எழுதிர்றேன். மொதப் பிரதி உங்களுக்குத்தான்."

வாசகர் எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று அவருக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர் வந்து சொன்னாலும் செய்யாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு நல்ல சேதி சொன்னால் ஆறிவிடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவர் தேடுவது தன்னோடு உட்கார்ந்து அழ ஒரு ஆளை. இத்தனை வருஷம் எழுதியும் அது எனக்குத் தெரியாமல் போனதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

பிறகு முடிவை மாற்றினீர்களா என்று எழுத வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை. மாற்றி எழுதுகிறேன் என்று நான் சொன்னதும் ஜரீனா பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயோ, வேணாம்ணே. வீட்டுக்கு வந்து சேந்த புள்ளைய மறுபடியும் ஏன் சாகடிக்கிறீக? அவளாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும்."