பஸ்ஸில் தண்ணீர் கேட்ட மிளகாய்ச் செடி

இன்று அருப்புக்கோட்டை பஸ்ஸில் என்னைக் கொடுமைக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

தம்பி மகள் கவிதா, கல்லூரியில் நடந்த இரண்டு நாள் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில், மண் காய்ந்தால் போன் செய்யும் கருவி ஒன்றைச் செய்தாள். செடியே பேசுவதுபோல் தன் குரலைப் பதிவு செய்து, நேற்று என் மிளகாய்த் தோட்டத்தில் ஊன்றிவிட்டாள்.

வகுப்பில் பூந்தொட்டியில் வைத்துச் சோதித்தார்களாம். கிணறே வறண்ட எங்கள் திருச்சுழிப் பக்கம் அது எப்போது ஓயும்? பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"பெரியப்பா, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி விடுங்க."

எனக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுப்பேன்; பஸ் முழுக்கக் கேட்டது. கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது.

முன்சீட்டு அம்மா திரும்பினார். "புள்ள தண்ணிக்குக் கெஞ்சுது, நீங்க பாட்டுக்கு கட் பண்றீகளே?"

"பிள்ளை இல்லம்மா, மிளகாய்ச் செடி."

"செய்யிறதையும் செஞ்சுட்டுப் பேச்சப் பாரு."

"எறங்கிப் போயி தண்ணியக் குடுத்துட்டு வாங்கய்யா" என்று கண்டக்டர் விசில் ஊதினார். நான் இறங்கவில்லை. டிக்கெட் எடுத்தவன்.

கவிதா அந்தக் குரலை அழித்துவிட்டு வெறும் மணி வைக்க வேண்டும்.

வகுப்பு எடுத்தவர் அடுத்த வகுப்பை எங்கள் புஞ்சையில் நடத்த வேண்டும்.

அந்த அம்மா நேரில் வந்து செடியையே விசாரிக்கட்டும்.

மழை பெய்ய வைக்க வேண்டியது யார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவருடைய நம்பரையும் கருவியில் போடச் சொல்கிறேன்.