இழுத்தால் பிரியும் தையல்

பழைய சாக்கு ஒன்றைக் கையில் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே அதில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லிவிடுவேன். மிளகு மூக்கின் நுனியிலேயே நிற்கும். சுக்கு தொண்டை வரை போகும். மஞ்சள் சாக்கு மழையில் நனைந்தால் மருந்துக்கடை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் நான். எழுத்துகூடச் சாக்கைப் பார்த்துப் படித்ததுதான். மையால் பெரிது பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்பேன். அதனால் எனக்கு முதலில் வந்தது இங்கிலீஷ், அப்புறம் மலையாளம், கடைசியாகத்தான் தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது பாம்பைப் பற்றி. ஆனால் அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் பாம்பைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசி. மலையாளக் கரையில், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் முதுகில் சாய்ந்து நிற்கிற மாதிரி ஐந்து அறைகள். ஓட்டுக்கூரை. பொதுவாக ஒரு முற்றம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நானும் என் மனைவியும் அதில் மூன்றாவது அறையில் இருந்தோம். அமாவாசை, பௌர்ணமி என்றால் பக்கத்துக் காயலில் கடல்தண்ணீர் ஏறிவிடும். வடிகால் வழியாக முற்றத்துக்கு வந்து, அறைக்குள்ளும் கணுக்கால் நனைகிற அளவுக்கு நிற்கும். இரண்டு மணி நேரத்தில் வந்த வழியே போய்விடும். அந்தத் தண்ணீரோடு யாருக்கும் சண்டை இல்லை. பலகை போட்டு, அதன்மேல் சாமான்களை வைத்துக்கொள்வோம்.

என் வேலை சாக்குத் தைப்பது. கிட்டங்கிகளிலிருந்து கிழிந்த சாக்குகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்புவார்கள். கட்டை அவிழ்க்கும் முன் முற்றத்தில் போட்டு, மூங்கில் கழியால் நாலு பக்கமும் நன்றாக அடிக்க வேண்டும். தூசு போக அடிக்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தூசுக்கு மட்டுமல்ல. தேள், பூரான், எலிக்குஞ்சு, உள்ளே எது குடியிருந்தாலும் அடிச் சத்தத்தில் வெளியே போய்விடும். அடிக்காத கட்டை அறைக்குள் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் தொழிலில் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறியதற்குக் காரணம் அடுத்த அறை இத்தா. ராவுத்தர் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இத்தா என்றால் அங்கே அக்கா என்கிற மாதிரி. வரிசையில் எல்லோருக்கும் அவர் இத்தாதான். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவர் கணவர் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவார். காலையில் படகேறினால் சாயங்காலம்தான் வருவார். இத்தா அரிசி மாவில் பத்திரி சுட்டுச் சாயாக்கடைகளுக்குக் கொடுப்பார். அப்பளம் மாதிரி மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். இடித்த மாவை முற்றத்தில்தான் பாய் விரித்து உலர்த்துவார். நான் சாக்கு அடிக்கிறதும் அதே முற்றம்தான்.

“தம்பி, உன்ட சாக்குப் பொடி முழுக்க என்ட மாவிலயாக்கும்! சாயாக்கடைக்காரன் கேக்கறான், என்ன இத்தா, பத்திரியில மொளகு போட்டீங்களான்னு.”

“மொளகுப் பத்திரின்னு பேரு வச்சிருங்க இத்தா. புதுசா இருக்கும்.”

“பேரு வைக்கறேன், உனக்கு. இனி ஒரு அடி இங்க கேட்டேனா, உன்ட கழி என்ட அடுப்புக்குள்ள இருக்கும்.”

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கழியை அறை மூலையில் சாத்திவிட்டு, வருகிற கட்டுகளை அடிக்காமல் நேரே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். பத்து நாள் இத்தாவோடு பேசவில்லை. எதிரே வந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அப்போது வீட்டில் குழந்தைக்கு நாற்பது நாள். எங்களுக்கு அது மூன்றாவது பேறு. முதல் இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வராது. மூன்றாவது பெண் குழந்தை. பேர் வைத்தாகிவிட்டது, ஆனால் என் மனைவி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடப் பயப்படுவாள். ‘இவ’, ‘அவ’ என்றுதான் சொல்வாள். ராத்திரி பகல் எந்நேரமும் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நானும் அவளுக்குத் தெரியாமல் பார்ப்பேன்.

தொட்டில் நான் தைத்தது. மைதா வருகிற வெள்ளைத் துணிச் சாக்கு இரண்டை ஐந்து தண்ணீரில் அலசி, பிரித்து, நடுவில் சேர்த்து ஒரே துணியாக்கினேன். அந்தச் சேர்ப்பு தொட்டிலின் அடிப்பக்கம் நீளவாட்டில் வரும். கயிற்றைக் கூரைச் சட்டத்தில் மாட்டி, காயல் தண்ணீருக்குப் பயந்து என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தேன்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். சாக்கில் இரண்டு தையல் உண்டு. கப்பலேறித் தூரம் போகிற மூட்டைக்கு முடிச்சுத் தையல், வெட்டினால்தான் பிரியும். பக்கத்திலேயே பிரிக்கப் போகிற மூட்டைக்குச் சங்கிலி மாதிரி கோத்துப் போகிற தையல். எவ்வளவு கனம் என்றாலும் தாங்கும். ஆனால் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சரசரவென்று பிரிந்துவிடும். நாள் முழுக்க அதையே போட்டுப் பழகின கை, தொட்டிலுக்கும் அதையே போட்டுவிட்டது. நான்கு நாள் கழித்து என் மனைவி கண்டுபிடித்தாள்.

“பிள்ளை கெடக்குற தொட்டிலுக்கு மூட்டைவாய்த் தையலா போடுவாக? கையி தச்சுதா, காலு தச்சுதா?”

“நுனியில முடிச்சுப் போட்டுட்டேன்ளா. பிரியாது. நாளைக்கு மாத்திருதேன்.”

அந்த நாளை வரவே இல்லை.

அன்றைக்கு அமாவாசை. காலை பத்து மணி இருக்கும், மழை தூறிக்கொண்டிருந்தது, அறைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. என் மனைவி தெருக்குழாய்க்குக் குடத்தோடு போயிருந்தாள். நான் பலகைமேல் குந்தி, தொட்டிலுக்கு முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை கனவில் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தேன். தொட்டில் கயிறு தடித்திருந்தது.

கயிறு எப்படித் தடிக்கும் என்று யோசித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அப்புறம்தான் அது நகர்ந்தது. கயிற்றைச் சுற்றிக்கொண்டு, தலை கீழே பார்த்து, துணி இரண்டு பக்கமும் வந்து கூடுகிற இடத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முழம்கூட இல்லை, குழந்தையின் முகம்.

மூலையில் சாத்தியிருந்த கழி கைக்கு வந்துவிட்டது. ஓங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இத்தா. என் சணல் நார் வடிகாலை அடைத்துக்கொண்டது என்று சண்டை போட வந்தவர்.

“அடிக்காதடா. அடிச்சா கொச்சு மேல விழும்.” காற்று மாதிரிதான் குரல் வந்தது.

“இத்தா… இத்தா…”

“சேரையாக்கும். ஒண்ணும் செய்யாது. கழியைத் தாழ்த்து. மெல்ல.”

குழந்தையைக் கொச்சு என்பது மாதிரி, சாரைப்பாம்பை அங்கே சேரை என்பார்கள். விஷம் கிடையாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை கொஞ்சம் நின்றது. ஆனால் குழந்தையை எடுப்பது எப்படி? மேலே கை விட்டால் அதன் வாய்க்கு நேரே விட வேண்டும். இத்தா குனிந்து தொட்டிலின் அடியைப் பார்த்தார்.

“இது எப்படித் தச்சது? அடியில பிரியுமா?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. “பிரியும் இத்தா. இழுத்தாப் போதும்.”

தேயிலை வருகிற மரப்பெட்டி ஒன்று ஓரத்தில் கிடந்தது. இத்தா அதைத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இழுத்துத் தொட்டிலுக்கு அடியில் வைத்தார். தலையில் போட்டிருந்த துணியை எடுத்து மடியில் விரித்தார். அவர் தலை மூடாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், பாதி நரைத்திருந்தது. பெட்டிமேல் உட்கார்ந்தபோது அவர் நெற்றி தொட்டில் துணியில் இடித்தது. தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பாம்பு.

“உன்ட சாமியைக் கூப்பிட்டு இழு. என்ட பங்கை நான் சொல்லிக்கறேன்.”

நுனியில் நான் போட்ட முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. சாக்கூசி முனையால் நெம்பி நெம்பித் தளர்த்தினேன். நூலை இழுத்தேன். சரசரவென்று இல்லை, ஒரு கண்ணி, நின்று, இன்னொரு கண்ணி. முதலில் ஒரு சின்னக் குதிகால் வெளியே வந்தது. இத்தா அதை உள்ளங்கையில் வாங்கினார். பிறகு இடுப்பு, முதுகு, தலை. கீழே போட்டிருந்த வேட்டித் துணியோடு குழந்தை அவர் மடிக்குள் இறங்கிவிட்டது. விழித்தது, அழவில்லை.

கனம் போனதும் தொட்டில் ஆடியது. பாம்பு தலையைத் தூக்கியது. இத்தா எழுந்து ஓடவில்லை. குழந்தைமேல் முழுதாகக் கவிழ்ந்து, குனிந்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வாசலைத் தாண்டினார். அவர் முதுகு மட்டும்தான் பாம்புக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே என் மனைவி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

“என்ன இத்தா, பிள்ளையைத் தூக்கிட்டு மழையில நிக்கீங்க?”

“உன்ட புருஷன் தச்ச தொட்டில் பிரிஞ்சு போச்சு மோளே. நல்ல வேலைக்காரனைக் கட்டியிருக்க.”

உள்ளே நானும் அதுவும் மட்டும். அது பிரிந்த தொட்டில் வழியாகக் கீழே இறங்கி, தண்ணீரில் நெளிந்து, சாக்குக் கட்டுகளுக்குள் போய்விட்டது. ஒரு காலிச் சாக்கின் வாயைத் திறந்து சுவரோரம் பலகைமேல் கிடத்தினேன். மறுபக்கம் போய், பத்து நாளாக அடிக்காத கட்டுகளைக் கழியால் அடித்தேன். இருட்டாக ஒரு வாய் தெரிந்ததும் அது தானாக உள்ளே நுழைந்தது. கழியைக் குறுக்கே போட்டு மிதித்து, வாயை மூன்று மடிப்பு மடித்துத் தைத்தேன். அதே தையல்தான், நுனியில் நீளமான சணல் கட்டி.

கழி முனையில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு காயலோரத்துக் காலி இடத்துக்கு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தே விலகினார்கள். புதரோரம் வைத்துவிட்டு, சணலின் நீளத்துக்குத் தள்ளிப் போய் இழுத்தேன். வெளியே வந்தது. போய்விடும் என்று பார்த்தால், திரும்பி என்னைப் பார்த்துப் படம் எடுத்தது. அகலமாக, அடையாளத்தோடு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு தாழ்த்திக்கொண்டு புதருக்குள் போனது. சாரை படம் எடுக்காது.

ஓடிவந்து இத்தாவிடம் சொன்னேன், “இத்தா, அது மூர்க்கன்! படம் எடுத்துச்சு, நான் கண்டேன்.” நல்லபாம்புக்கு அங்கே அதுதான் பெயர்.

“பேடிச்சவனுக்குக் கயிறும் படம் எடுக்கும். சேரையாக்கும். போயி வடிகாலைக் கிளீன் செய்.”

செய்தேன். அன்று மாலை, நடந்ததெல்லாம் தெரிந்தபின், என் மனைவி குழந்தையை முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சத்தமாக, முற்றம் முழுக்கக் கேட்கும்படி.

மறுநாள் புதுக்கட்டு வந்தது. நான் கதவருகில் தயங்கி நிற்கும்போது இத்தா தானே பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, “தம்பி, அடிச்சுக்கோ” என்றார். அன்றிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் அரை மணி வெயில் கிடைத்தாலும், எனக்காகப் பாயைச் சுருட்டுவார். நன்றி என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மைதாச் சாக்கு நான்கை அலசி, மாவுப் பாயை மூடுகிற அளவுக்கு ஒரு பெரிய துணி தைத்துக் கொடுத்தேன். இத்தா அதைப் பிரித்து, சேர்ப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இழுத்தா பிரியுமா?”

“பிரியாது இத்தா. முடிச்சுத் தையல்.”

எண்பதுகளின் நடுவில் அவர் கணவருக்கு முதுகு முடியாமல் போனது. மகள் வீட்டோடு இருக்க ஆலுவாவுக்குக் கிளம்பினார்கள். கைவண்டியில் சாமான் ஏற்றும்போது என் மகள், அப்போது ஏழு வயது, அந்தத் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். இத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு நான் கண்டதும் அறிஞ்சேன் தம்பி. கழுத்துல அடையாளம் இருந்துச்சு.”

“பின்ன ஏன் சேரைன்னு சொன்னீங்க?”

“மூர்க்கன்னு சொல்லியிருந்தா உன்ட கை நிக்குமா?” பெட்டிமேல் இருந்த என் மகளைத் திரும்பிப் பார்த்தார். “முற்றத்தில அடிக்காதேன்னு சொன்னது நான்தானே. அந்தக் கொச்சுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் எப்படிப் பத்திரி சுடறது?”

“அது கட்டோட வந்ததா, காயலோட வந்ததா, யாருக்குத் தெரியும் இத்தா. ஓட்டு வழியாக்கூட வந்திருக்கும்.”

“வந்திருக்கும்” என்றார். ஒத்துக்கொண்டு சொன்னதா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. ஏழு வருஷம் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு பாயைச் சுருட்டியிருக்கிறார். சுருட்டியதை நான் மரியாதை என்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

கைவண்டி நகர்ந்தது. சாமான்களின்மேல் நான் தைத்த மாவுத் துணியைத்தான் போர்த்திக் கட்டியிருந்தார்கள். மாவு பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. வண்டி குழியில் விழுந்து எழும்போதெல்லாம் துணி விறைத்தது. தெரு திரும்புகிற வரை சேர்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணிகூட விடவில்லை.