போக மூன்று, வர ஏழரை

தெமோதரை சிவஞானம் இருபத்திரண்டு வருடமாக வான் ஓட்டுகிறார். வெளிநாட்டு வேலைக்குப் போகிற தோட்டத்துப் பெண்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விடுவார், திரும்புகிறவர்களை ஏற்றி வருவார். ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் பறக்கிற நேரமெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

"குவைத்துக்குப் போக மூணு மணித்தியாலம். வர ஏழரை."

தூரம் ஒன்றுதானே என்று யாராவது கேட்டால் போச்சு. "போறப்ப வெறுங்கையோட போறாங்க. வாறப்ப கம்பளி, பால்மா, சட்டின்னு பொட்டி பொட்டியா கட்டிட்டு வாறாங்க. பாரம் ஏறுனா பிளேன் இழுக்குமா? பதுளை ஏத்தத்துல என் வானே முக்குது!"

திரும்பி வருகிற டிக்கெட்டில் புறப்படும் நேரம் குவைத் கடிகாரப்படி, இறங்கும் நேரம் நம் கடிகாரப்படி. இடையில் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அது தெரியாமல் மனுஷன் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வைத்திருந்தார். ஆனாலும் டிக்கெட் நேரத்தோடு ஏழரையைக் கூட்டினால் இறங்கும் நேரம் சரியாக வந்துவிடும்; ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை, அதுதான் வேடிக்கை.

போன ஆவணியில் யோகம்மா குவைத்திலிருந்து பேசினாள். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்காரி, ஒன்பது வருடமாக அங்கே வீட்டு வேலை. அவளுடைய அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கண் திறக்கும் போதெல்லாம், "யோகம் வந்துட்டாளா?" என்றுதான் கேட்டார்.

"ராத்திரி பதினொன்னுக்குப் பிளேன் கெளம்புது அண்ணே. வந்துடுங்க."

சிவஞானம் ஏழரையைக் கூட்டினார். காலை ஆறரை. இரத்தினபுரியில் நிறுத்தி நிதானமாகத் தேநீர்கூடக் குடித்தார்.

விமான நிலைய வாசலில் யோகம்மா ஒரு துணிப்பையோடு குந்தியிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நாலு மணிக்கே எறங்கிட்டேன் அண்ணே. போன் செத்துப்போச்சு, ஒங்க நம்பரும் அதுக்குள்ளதான்."

"நாலா? பதினொன்னுக்குத்தானே கெளம்புச்சு?"

"நம்ம நேரம் பதினொன்னு." கையை நீட்டிக் காட்டினாள். அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம். "இத நான் அங்க மாத்தவே இல்ல. அப்பா காலையில பேர் பதியப் பெரட்டுக்குப் போற நேரம், கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு வீட்டுக்கு வாற நேரம், எல்லாம் இதுலதான் பார்ப்பேன்."

பிறகு வான் பறந்தது. அப்புத்தளை மேட்டில்கூட அவர் காலை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி இரண்டு. தம்பி சுரேஸ் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டான்.

"பன்னெண்டே முக்காலுக்கு, அக்கா. கடைசி மட்டும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு."

யாரும் சிவஞானத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்தான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலரைக்குக் கிளம்பியிருந்தால் பதினொன்றரைக்கே வந்திருக்கலாம். அடக்கம் முடிந்த அன்றே யோகம்மாவிடம் போய் உடைத்துச் சொன்னார்.

"பாவி நான், தங்கச்சி. ரெண்டரை மணித்தியாலத்த நான்தான் தின்னுட்டேன்."

"எந்த ஊரு நேரம்னு நானும் சொல்லலையே அண்ணே," என்றாள்.

கருமாதி முடிந்து அவள் திரும்பிப் போனபோது அவர்தான் கொண்டுபோய் விட்டார். கூலி வாங்கவில்லை. இறங்குமுன் யோகம்மா கடிகாரத்தின் சாவியை இழுத்து, முள்ளைப் பின்னுக்குத் திருப்பினாள். சரியாக இரண்டரை மணித்தியாலம்.

"இங்க பிளேன் ஏறுமுன்னயே ஏம்மா மாத்துற?"

"இனி நம்ம நேரம் பார்த்து என்ன அண்ணே செய்யப் போறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.