பின்சில்லின் சூடு

செவ்வாயும் வெள்ளியும் என் மனைவியை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தமாக்கி வந்தால் மூன்று நாலு நாள் தாங்கும். நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. பஸ்ஸில் போய்த் திரும்பிய நாட்களில் அவள் வீட்டுக்குள் வர முடியாமல் வாசல் படலையடியிலேயே இருந்துவிடுவாள். அதனால்தான் நெல் விதைக்கிற நான் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினேன். எங்கள் ஊரான ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வரை காடு, காட்டுக்குள் யானை. கார் நடுவழியில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓமந்தையில் தேநீருக்கு நிறுத்தியபோது பின்பக்கத்தில் எரிந்த மணம் அடித்தது. இடது பின்சில்லைத் தொட்டேன். அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது.

ஊரில் கராச் வைத்திருக்கும் மெக்கானிக், மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். அவசரப்படாத மனிதர். சில்லைக் கழற்றிக் காட்டினார். சில்லோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் கலிப்பர். அது இரண்டு ஆணிகளில் வழுக்கி அசைய வேண்டும். எங்கள் வீதிப் புழுதியும் மாரிச் சேறும் புகுந்து ஆணிகள் இறுகிவிட்டதால், பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலும் அது கவ்விய பிடியை விடுவதில்லை. வலது பக்கமும் அந்த நிலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, ஆணிக்கு ரப்பர் உறை புதுசா போடணும். சாமான் வெளியிலேருந்து வரணும். காரை அஞ்சு நாள் விட்டுட்டுப் போங்க."

"செவ்வாய்க்கிழமை நான் என்ன மாட்டு வண்டிலிலையோ போறது?" என்று அவர்மேல் பாய்ந்தேன். எனக்குப் பயம் வந்தால் முன்னுக்கு ஓடி வருவது கோபம்தான். வேறொருவர் ஓட்டுகிற வாகனத்தில் அவளை ஏற்றவும் எனக்கு மனம் வராது. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

"தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ. பிரேக் விளையாட்டில்லை," என்றாள் மனைவி. ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, முற்றத்தில் காரை ஜக் வைத்து உயர்த்தினேன்.

நெல்லுச் செய்கிறவன் வீட்டில் கிரீஸ் ஒரே ஒரு தகரப் பேணியில்தான் இருக்கும். உழவு இயந்திரத்துக்கும் அதுதான், தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் அதுதான், படலைப் பிணைச்சலுக்கும் அதுதான். ஆணிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அந்தப் பேணிக்குள் மூன்று விரலை விட்டுத் தாராளமாக அப்பினேன். கையை இடுப்பில் கட்டியிருந்த சாறத்திலேயே துடைத்தேன். பூட்டிவிட்டுச் சில்லைச் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது. அஞ்சு நாள் வேலையாம், மண்ணாங்கட்டி. எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

கோயிலால் வந்தவளிடம், "மெக்கானிக் வந்து செய்துபோட்டுப் போனவர்," என்றேன். வாய் கூசவே இல்லை.

அடுத்த மூன்று பயணமும் ஒரு குறையும் இல்லை. ஓமந்தையில் இறங்கும்போது அவளுக்குத் தெரியாமல் சில்லைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். போகும் வழியெல்லாம் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். கார் அலுங்காமல் ஓடுவதால் வந்த நித்திரை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நாலாவது பயணம். திரும்பி வரும் வழியில் மாங்குளம் தாண்டியதும் மாடுகள் வீதியை மறித்துப் படுத்திருந்தன. நாலைந்து தரம் பிரேக்கை மிதிக்க வேண்டி வந்தது. அதன்பிறகு கார் சேற்றுக்குள் இறங்கியது போலக் கனத்தது. மணம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னுக்குப் புகை.

நிறுத்தி இறங்கினேன். இரண்டு பக்கமும் காடு. வீதிக்கரையில் காயாத யானை லத்தி, பக்கத்தில் பச்சை மாறாத முறிந்த கொப்பு. சில்லின் இரும்பில் கை பட்டு உள்ளங்கை பொசுங்கியது. தன் வினை தன்னைச் சுடும் என்பதை நான் தோலாலே படித்தேன். பெற்றோல் தாங்கி அந்தச் சில்லுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அப்போதுதான் யோசனை ஓடியது. தீப்பிடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? சுத்திகரிப்பு முடிந்து வருகிற நாளில் அவளால் பத்து அடி நடக்க ஏலாது.

அவள் கண்ணாடியை இறக்கித் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்த தண்ணீர்.

"இதை ஊத்துங்கோ."

"அது உமக்கு அளந்த தண்ணி."

"கார் எரிஞ்சால் எனக்கென்னத்துக்குத் தண்ணி?"

கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். "பேசாமல் உள்ளை இரும்," என்று கத்தினேன். பிறகு அந்த மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கினேன். நாளைக்கு அவன் கராச்சில் போய் என்ன செய்கிறேன் பார் என்றேன். அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு ஒவ்வொரு அடிமரமும் யானையாகத் தெரிந்தது. அதில் ஒன்று காலெடுத்து நடந்தது.

எப்படிக் காருக்குள் ஏறினேன் என்று நினைவில்லை. கதவைச் சத்தமில்லாமல் இழுத்துப் பிடித்திருந்தேன். தனி யானை, வீதியில் ஏறி எங்களைப் பார்த்து நின்றது. பின்சில்லு ஆறுகிற சத்தம் டிக், டிக் என்று கேட்டது. அந்தச் சத்தம் அதற்கும் கேட்குமோ என்று நடுங்கினேன். இவளைச் சாகவிடாமல் இரண்டு வருடம் கொண்டு திரிந்துவிட்டு, மூன்று விரல் கிரீஸில் கொண்டுவந்து கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். ஊசி குத்தாத கையால் அவள் என் முழங்காலைப் பிடித்திருந்தாள். யானை கரையில் இருந்த புழுதியை அள்ளி முதுகில் போட்டது. அவசரமில்லாமல் மற்றப் பக்கக் காட்டுக்குள் இறங்கியது. மணம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் சைக்கிள் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் மெக்கானிக் ஆணிகளைக் கழற்றினார். ரப்பர் உறைகள் ஊறிய உளுந்துபோல உப்பி ஆணியை நெரித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, இதுக்கு என்ன பூசினீங்க?"

சொன்னேன். அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மெசின் கிரீஸ் பட்டா இந்த ரப்பர் ஊதிப்போயிரும். பிரேக்குக்குன்னு வேற கிரீஸ் இருக்கு. காரை விட்டுட்டுப் போங்க அண்ணே."

இந்தமுறை விட்டுவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தோட்டக்காரரின் வான் வண்டியில் போய் வந்தோம். வழிமுழுக்க இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே வந்தது.

கார் திரும்பி வந்த அன்று மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னுக்குக் கதிரையைப் போட்டு அமர்ந்தேன்.

"அண்டைக்குப் பிரேக் செய்தது மெக்கானிக் இல்லை. நான்தான்."

"தெரியும்," என்றாள், தலை நிமிராமல். "உங்கடை சாறத்தைத் தோய்ச்சது ஆர்? மூண்டு தரம் சவுக்காரம் போட்டும் போகேல்லை. எங்கடை பேணிக் கிரீஸின்ரை மணம் எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் ஏறினனீர்?"

"எனக்குப் பயமெண்டு சொன்னால் நீங்களும் பயந்துபோவீங்கள். பயந்தால் காரைத் தொடமாட்டீங்கள். பிறகு ஆர் என்னைக் கொண்டுபோறது?" ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "நாலு தரமும் கண்ணைத் திறக்காமல்தான் வந்தனான்."

அவள் நித்திரை என்று நினைத்து நான் வழிமுழுக்க ரேடியோவைக் குறைத்து வைத்திருந்தேன்.