வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

“ஏம்மா, உனக்கு இடது எது, வலது எதுன்னாச்சும் தெரியுமா?”

நான் வேலையில் சேர்ந்த அன்று எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கேட்ட கேள்வி இது.

கேட்டதில் நியாயம் உண்டு. என் வேலையே அதுதான். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதற்குள் எலியை விட்டால் நேரே ஓடும். பிறகு வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கருவாட்டுத் துண்டு. இடது பக்கம் வெறும் சுவர். எலி எந்தப் பக்கம் திரும்பியது என்று நோட்டில் குறிப்பது நான்.

பாதி எலிகளின் மண்டையைத் திறந்து, மூளையில் கொஞ்சம் வெட்டி எடுத்திருந்தார் எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை. தவறு என்பது மூளையின் எந்த மூலையிலிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம்!

வெட்டுப்பட்ட எலிகள் தடுமாறின. மற்றவை ஒழுங்காகக் கருவாடு தின்றன. துரைக்கு ஆனந்தம்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால்... வெட்டுப்பட்டது, படாதது எல்லாமே இடது! நான்கு வாரமாக இதே கதை. நோட்டைப் பார்த்துத் துரை முகம் சுளித்தார்.

“அன்னைக்கே கேட்டேன்ல? பாப்பா இடதையும் வலதையும் மாத்தி எழுதிருச்சு” என்றார் கிராணி.

“வெள்ளிக்கிழமை மட்டுமா ஐயா மாத்தி எழுதுவேன்?”

“தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தலையோட வர்றேல்ல... மூளை குளுந்து போயிருக்கும்.”

இதையே அவர் இங்கிலீஷிலும் சொன்னார். துரை அதையும் குறித்துக்கொண்டார்! அடுத்த வெள்ளியும் இப்படியே ஆனால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு.

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் என் அப்பா கைநாட்டு. மகள் நோட்டில் எழுதுகிறாள் என்று துறைமுகம் முழுக்கப் பீற்றிக்கொள்பவர். இடது வலது தெரியாமல் வேலை போச்சு என்றா அவரிடம் போய்ச் சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமையே மீதியிருந்த எலிகளை ஓடவிட்டபோது, நோட்டை விட்டுவிட்டு எலியைக் கவனித்தேன். மற்ற நாட்களில் அது வழி பிரியும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். மீசை துடிக்கும். தலை இப்படியும் அப்படியும் ஆடும். உள்ளே ஏதோ வழக்கு நடக்கிறது — தீர்ப்பு வந்த பிறகுதான் கால் நகரும்.

வெள்ளிக்கிழமை வழக்கே இல்லை. மூக்கைத் தூக்கும், தும்மும், இடது பக்கம் பாயும்.

தும்மலா? அட, நானும்தான் தும்மினேன்!

பெட்டியின் வலது பக்கம் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கிராணியின் மேசை. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு அவர் போடுகிற புகை, பலகை இடுக்கு வழியாக நேரே கருவாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளி காலை கேட்டுப் பார்த்தேன். “ஐயா, இன்னைக்கு மட்டும் அந்தப் புகை வேணாமே...”

“சாமி காரியத்தையே நிறுத்தச் சொல்றியா? ரெண்டு எழுத்துப் படிச்சா இப்படித்தான் லா!”

சரி. அவர் புகை போடட்டும். நான் பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தேன். கருவாடு இப்போது தடுப்பை விட்டு விலகி, அந்தக் கோடியில். துரை வந்து நின்றார். எலிகள் ஒவ்வொன்றாகத் தும்மின... பாய்ந்தன. எல்லாமே வலது! வெட்டுப்பட்டவைகூட!

துரை மூக்கை உறிஞ்சினார். “இது என்ன வாசனை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எத்தனை எலி மூளைகளை எடை போட்டவர்! தன் மூக்கை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

“சாம்பிராணி” என்றேன், கிராணியைப் பார்த்தபடி.

துரைக்கு அதில் ஒரு பொருள்தான் புரிந்தது. கிராணிக்கு இரண்டும் புரிந்தன.

எலி தவறு செய்தால் மண்டையைத் திறந்து பார்க்கிறார்கள். பெண் தவறு செய்தாள் என்றால் திறக்கவே வேண்டாம். உள்ளே என்ன கோளாறு என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடுகிறது! ஆண் செய்தால்? அதை எழுத நோட்டில் கட்டமே இல்லை.

மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது, நாமே படித்துப் பார்த்துவிடலாமே என்று மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கினேன். அதில் பெரிய கிராணியின் கையெழுத்து வேண்டும்.

“எங்கேம்மா போடணும்?”

“வலது பக்கம், கீழே ஐயா.”

பேனா ஒரு கணம் நின்றது. மீசை துடித்தது. இடது பக்கம் போட்டார்.

அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

அடித்துவிட்டு மறுபடி போடச் சொல்லி வாங்கி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.