பட்டறைத் தரைக்கடியில் ஒரு வாசனை

அந்தத் தச்சருக்குப் ‘பம்பரம்’ என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரை போடலாம். நடந்துகொண்டே சாப்பிடுவார். அவர் தூங்கினால் கட்டில் வாசல்வரை போய்த் திரும்பும் என்று தெருவே சத்தியம் செய்யும்.

இப்போது சுழற்சி இன்னும் கூடியிருந்தது. காரணம், பட்டறையை ஒட்டி நின்ற பலாமரம். கரையான் தொடாத மஞ்சள் வைரம்! வாசல் கதவு கேட்டவரிடம் அதைக் காட்டி வாக்கும் கொடுத்துவிட்டார். ஆனால் மரம் மனைவி நட்டது.

“இந்தப் பருவத்துல ஒரு பழம்கூட வரலைன்னா வெட்டிக்குங்க” என்றிருந்தாள். பருவம் முடிந்துகொண்டிருந்தது. கிளையில் ஒன்றுமில்லை. மறுநாள் காலை ரம்பக்காரர்கள் வரவேண்டியது.

மத்தியானம் உளி தீட்டிக்கொண்டிருந்தவரின் மூக்கு நிமிர்ந்தது. பலாப்பழ வாசனை!

“பழம் வாங்கினியா?”

“இல்லையே” என்றாள் மனைவி.

பம்பரம் மரத்தில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஆட்டுக்குப் பலா இலை பறிக்க வந்த மச்சினி கீழே நின்று, “என்ன அத்தான், குரங்கு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா?” என்றாள்.

“பேசாம போ!”

மேலே பிஞ்சுகூட இல்லை. பட்டறைக்குள் வந்து இழைப்புளியைத் தள்ளினால் மேசை ஆடியது. மேசைக் காலுக்கடியில் மரச்சக்கை வைத்தார். இன்னும் ஆடியது. குனிந்து பார்த்தால், போன வருஷம் வேரின்மேல் அவரே பூசிய சிமெண்டுத் தரை கர்ப்பிணி வயிறாய்ப் புடைத்து, வெடித்திருந்தது.

பழத்தைத் தட்டியே பதம் சொல்லும் மனிதர், கொட்டாப்புளியால் தரையைத் தட்டினார். தொப்!

கடப்பாரையால் பெயர்த்ததும், வேரில் காய்த்த பழம் மண் பூசிக்கொண்டு சிரித்தது. நிமிர்ந்தால், மனைவி எண்ணெய்க் கிண்ணத்துடன் தயாராக நிற்கிறாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நேத்தே வாசனை வந்துச்சு.”

“சொல்றதுக்கென்ன?”

“நீங்க மரமேறி நான் பார்த்ததில்லையே!”

முக்காலியில் பழத்தை வைத்துக் காம்பை நறுக்கினார். பால் வழிந்தது. பழத்தைக் கீழே இறக்கிவிட்டு, அசதியில் அதே முக்காலியில் உட்கார்ந்தார். “ரம்பக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லணும். கதவுக்கு வேற மரம் பார்க்கணும்” என்று எழுந்தார். முக்காலியும் கூடவே எழுந்தது.

“நான் போய்ச் சொல்லிட்டு வரேன்” என்று எண்ணெய்க் கிண்ணத்தை எட்டாத தூரத்தில் வைத்தாள் மனைவி. “இன்னிக்காவது ஒரு இடத்துல உட்காருங்க.”