அவர் காத்து நின்ற இடம்

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தண்டவாளம் தெரியாது. பின்வரிசை வீடுகள் மறைத்துவிடும். ஆனால் ரயில் போகும்போது சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். மலேசியாவில் ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு இது. நானும் என் வீட்டுக்காரரும் இதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால்மரங்கள் போய் வரிசை வீடுகள் வந்தன. ஒற்றைத் தண்டவாளம் போய் இரட்டைத் தண்டவாளம் வந்தது. ஆட்கள் மட்டும் நாங்களேதான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே, வீடு கட்ட முடியாத ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. வேலை ஓய்ந்த ஆண்கள் ஆளுக்கொரு பாத்தி பிடித்து அங்கே காய்கறி போட்டார்கள். கல்குவாரியில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு மண்வெட்டி வாங்கினார். பயித்தங்காய், வெண்டை, கத்தரி, ஓரமாகக் கொஞ்சம் மரவள்ளி. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தண்ணீர் ஊற்றப் போவார். என்னிடம் காட்டாத அக்கறையை எல்லாம் அந்தப் பயித்தங்கொடியிடம் காட்டுகிறார் என்று நான் குத்திக்காட்டுவேன். கொடி எதிர்த்துப் பேசாது என்பார்.

அங்கே போக இரண்டு வழி. தாமானின் கோடியில் ஒரு நடைபாலம் இருக்கிறது. ஜெஜாந்தாஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். படியேறி, கம்பிக்கூண்டு போட்ட பாலத்தில் நடந்து, மறுபடி படியிறங்கி, வேலியோரமாகவே திரும்ப நடந்து காய்கறிக் கொல்லைக்கு வரவேண்டும். இன்னொரு வழி ஓட்டை. பின்வரிசை வீடுகளுக்கு நேரே வேலிக்கம்பியை யாரோ ஆள் நுழையும் அளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே அந்தப் பக்க வேலியிலும் ஒன்று. ரயில்வேக்காரர்கள் வந்து அடைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் ஆகாது, மறுபடியும் திறந்திருக்கும். யார் வெட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான்கு மொழியில் அபாயம் என்று எழுதிய பலகையின் மேல் யாரோ கைலியைக் காயப்போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் பாலத்துக்காரி, அவர் ஓட்டைக்காரர். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இதற்காகத்தான். முட்டி வலி என்பார். பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்தே தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு நான் ஏறவில்லையா என்பேன். "நீ ஜெஜாந்தாஸ்ல ஏறி எறங்குறதுக்குள்ள பயித்தங்கா முத்திப் போயிரும்லா" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். கோலாலம்பூரில் இருக்கும் மகனும் போன் செய்து கண்டித்துப் பார்த்தான். அவனிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்ததும் ஓட்டைக்குத்தான் போவார். அவர் திரும்பி வந்து வெளிக்குழாயில் கால் கழுவுகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.

அவர் துணிச்சல்காரர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். லோரி ஓட்டிய காலத்தில் மஞ்சள் விளக்குக்கே நிறுத்திவிட்டுப் பின்னால் வருகிறவர்களிடம் ஏச்சு வாங்கியவர். தண்டவாளத்தையும் தனக்குத் தெரிந்த ஒழுங்கோடுதான் கடந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊறிப்போன ஒழுங்கு அது. வண்டிச் சத்தம் கேட்டால் நின்றுவிட வேண்டும். கடைசிப் பெட்டி தாண்டும்வரை அசையக் கூடாது. தாண்டியதும் போகலாம். அந்தக் காலத்து ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி போய்விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆகும். வண்டி போன பிறகு தண்டவாளத்தைவிடப் பத்திரமான இடம் தோட்டத்திலேயே கிடையாது. பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் அம்மாக்கள் அங்கே நின்று கதை பேசுவார்கள். வண்டி வந்தால் ஆபத்து, போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது. எங்கள் கால்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மழை வரும்போல மூட்டமாக இருந்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் மறுபடியும் அதிர்ந்தது. அதன் பிறகு வெளிக்குழாய்ச் சத்தம் வரவே இல்லை. பின்வரிசை வீட்டுப் பெண் ஓடிவந்து வாசலில் நின்று "டீச்சர்" என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

என்னை வேலியருகே விடவில்லை. அவருடைய தம்பி, என் கொழுந்தனார்தான் போய் அடையாளம் சொல்லிவிட்டு வந்தார். ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை மூடித்தான் கொடுத்தார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது, பார்க்காததே நல்லது என்று மறுநாள் தோன்றுகிறது.

துக்கத்துக்கு வந்தவர்கள் வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியது உள்ளே கேட்டது. அவசரப்பட்டுவிட்டார் என்றார் ஒருவர். போனில் பேசிக்கொண்டே போயிருப்பார் என்றார் இன்னொருவர். இந்த வயதில் இவ்வளவு அலட்சியம் ஆகாது என்றார் மற்றொருவர். அவருடைய போன் அப்போது சாமி மேடைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது, இறந்த அன்று காலையில் அவர் மாட்டியபடியே. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அதைச் சொன்னவர் பக்கத்துப் பாத்திக்காரர், ஒரு வயதான சீனர். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, என் வீட்டுக்காரரின் கொடியிலிருந்து பறித்த பயித்தங்காய்க் கட்டோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மலாயில் மெதுவாகச் சொன்னார். தன் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கத்து ஓட்டையருகே போனபோது வடக்கே போகும் ரயில் வந்திருக்கிறது. இவர் வேலிக்கு வெளியிலேயே நின்று, இந்தச் சீனருக்குக் கையைக் காட்டிவிட்டு, முழு வண்டியும் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசிப் பெட்டி தாண்டிய பிறகுதான் உள்ளே நுழைந்திருக்கிறார். அடுத்த தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது. முதல் வண்டி அதை மறைத்துவிட்டது, சத்தத்தையும் விழுங்கிவிட்டது.

"டியா துங்கு" என்றார் சீனர். அவர் காத்திருந்தார் என்று. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், நான் நம்பவில்லையோ என்கிற மாதிரி. அவர் போன பிறகு பயித்தங்காயை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சாவு வீட்டில் என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவர் காத்திருந்தார் என்பதற்குத்தான் அழுகை வந்தது.

கருமாதிக்கு முன்னால் ஒரு காரியம் பாக்கியிருந்தது. வெளியில் அடிபட்டு இறந்தவர்களை, உயிர் போன இடத்துக்கே போய் விளக்கேற்றிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் குடும்பத்து வழக்கம். கூப்பிடாவிட்டால் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள் என்பார்கள். அழைத்து வருகிறவர் விளக்கோடு முன்னால் நடக்க வேண்டும். வீடு சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. சடங்கு முறையெல்லாம் கொழுந்தனாருக்கு அத்துப்படி. விடிந்ததும் போய்விடலாம் என்றார். வேலியைத் தடித்த கம்பியால் புதிதாக அடைத்திருந்தார்கள். அதற்குக் காரில் கட்டர் இருக்கிறது, அண்ணன் விழுந்த இடத்தில் ஜல்லிமேல் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துச் சூடம் காட்டிவிட்டு நேரே இந்தப் பக்கம் வந்துவிடலாம், சின்ன வேலைதான் என்றார். மகனும் சரியென்றான். செம்பில் தண்ணீர் ஏந்தி என் பின்னால் வரப்போகிறவன் அவன். அவன் அந்தத் தண்டவாளத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

யாரும் அதில் கால் வைக்கக் கூடாது, பாலத்து வழியாகக் கூட்டி வருகிறேன் என்றேன்.

கொழுந்தனார் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அண்ணி, அண்ணன் ஒருநாளும் ஜெஜாந்தாஸ்ல ஏறுனதில்ல. தெரியாத வழியில கூப்பிட்டா எப்படி வருவாங்க? போன வழியாதான் கூட்டிட்டு வரணும்."

மூடநம்பிக்கை என்று அதை ஒரே பேச்சில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. படித்தவள்தான், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள்தான். ஆனாலும் அவர் வராமல் போய்விட்டால்? வெயிலிலும் மழையிலும் அந்த ஜல்லிமேல் நின்றுகொண்டு, ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தால்? அவரை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டில் எப்படிச் சோறு தின்பேன்? ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் அவர். அன்று முழுக்க அதே நினைப்பில் கிடந்தேன். கடைசியில் சீனர் சொன்னதுதான் எனக்குக் கைகொடுத்தது. அவர் விழுந்தது தண்டவாளத்தில். ஆனால் உயிரோடு கடைசியாக நின்றது வேலிக்கு வெளியே, பத்திரமான மண்ணில்.

கொழுந்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "விழுந்த எடத்துலருந்து வேணாம். அவரு காத்துக்கிட்டு நின்ன எடத்துலருந்து கூப்பிடுவோம். அங்கருந்து வீட்டுக்கு ஒழுங்கான வழி இருக்கு. நான் கூட்டிட்டு வாரேன்."

வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வருவார் என்றேன். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமாக இருப்பதுபோல் பேசினேன்.

விடிந்ததும் பாலமேறிக் கொல்லைப் பக்கம் போனோம். ஓட்டை இருந்த இடத்தில் புதுக் கம்பி பளபளத்தது. அதற்கு முன்னால் புல் முளைக்காத ஒரு திட்டு, இத்தனை நாள் நின்று நின்று போனவர்களின் கால்பட்டு இறுகிப்போன மண். அங்கே எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துச் சூடம் ஏற்றினார் கொழுந்தனார். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. கொழுந்தனார் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஏங்க, வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் நான் சொன்னேன். அகல்விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பாலத்தை நோக்கித் திரும்பினேன்.

முதல் படியில் கால் வைத்தேன். இங்கேதான் நின்றுவிடுவார் என்று தோன்றியது. என் வாய் தானாகவே பழைய சண்டைக்குப் போய்விட்டது. முட்டி வலிக்கிறது என்று நிற்க வேண்டாம், எனக்கும்தான் வலிக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். பின்னால் மகன் விசும்புவது கேட்டது. ஒரே ஒருதரம் திரும்பிப் பார்க்க மாட்டோமா என்று உயிர் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

பாலத்தின் நடுவில் போகும்போது ரயில் சத்தம் கேட்டது. கொழுந்தனாரும் மகனும் பின்னால் நின்றுவிட்டார்கள், காலடி நின்றது தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் அவர் நின்றுவிடுவார். கடைசிப் பெட்டி தாண்டும்வரை அசைய மாட்டார். நான் பாட்டுக்கு நடந்துவிட்டால் பாலத்துக்கு நடுவிலேயே தங்கிவிடுவார். காலுக்கடியில் பாலம் அதிர்ந்தது. விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பார்வையை முன்னால் வைத்தபடியே சொன்னேன்.

"நிக்காதீங்க. இங்க காத்திருக்க வேண்டியதில்ல. அது கீழ போகுது, நாம மேல இருக்கோம். வாங்க."